மேல மீட்டர், கீழ மீட்டர்

ஐம்பத்தைந்து நாள் பூட்டிக் கிடந்த வீட்டில் நூற்று நாற்பத்தொரு யூனிட் கரண்ட் ஓடியிருந்தது.

நஜ்முன்னிசா வெள்ளை அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மறுபடியும் படித்தாள். 1999 ஜூலை மாதக் கணக்கு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்க வருகிறவர் மீட்டரில் நிற்கும் எண்ணைப் பார்ப்பார். போன தடவை எழுதிய எண்ணை அதிலிருந்து கழிப்பார். மிச்சம் எவ்வளவோ அவ்வளவு யூனிட் என்று அட்டையில் எழுதிவிட்டுப் போவார். கழித்தலில் பிழை இல்லை. அவளே விரலை மடக்கிக் கழித்துப் பார்த்துவிட்டாள்.

மகள் முபீனாவின் பிரசவத்துக்காக ராமநாதபுரம் போனவள் முந்தாநாள்தான் திரும்பியிருந்தாள். கணவர் முகைதீன் பிச்சை கீழமாசி வீதியில் ஒரு மளிகை மண்டியில் வேலை பார்க்கிறவர். ஆளில்லாத வீட்டில் தனியாகத் தூங்கப் பிடிக்காமல் அவரும் கடை மாடியிலேயே படுத்துக்கொண்டார். மெயின் சுவிட்சைக்கூட அணைத்துவிட்டுத்தான் பூட்டினார்கள். பிறகு யார் வந்து ஃபேன் போட்டுக்கொண்டு தூங்கியது?

அட்டையோடு கீழே போய் வீட்டுக்காரரிடம் கேட்கலாம் என்று அவள் முக்காட்டைச் சரிசெய்வதற்குள் வீட்டுக்காரரே படியேறி வந்துவிட்டார்.

ஹரிராம் சேலத்தில் பத்தொன்பது வருஷம் நூல் கடையில் கணக்கெழுதியவர். அப்பா இறந்து, தம்பியோடு பாகம் பிரிந்து, செல்லூரில் இருக்கும் இந்த வீடு தன் பங்குக்கு வந்த பிறகு மதுரைக்குத் திரும்பியவர். கீழ்த்தளத்தில் அவரும் மனைவி சூடாமணியும். மாடியில் இரண்டு வருஷமாக நஜ்முன்னிசா குடும்பம். அவர் கையிலும் ஒரு வெள்ளை அட்டை இருந்தது.

"எத்தன யூனிட்னு பாரும்மா" என்று நீட்டினார்.

ஒன்பது.

"ரெண்டு மாசத்துக்கா அண்ணே?"

"ரெண்டு மாசத்துக்குத்தான். எப்பவும் எரநூறுக்குக் கொறஞ்சு வந்ததில்ல. நானும் சூடாமணியும் ரெண்டு பேரு, ரெண்டு ஃபேனு, ஒரு டிவி. எப்பிடிடா எரநூறு வருதுன்னு ரெண்டு வருஷமா மண்டையப் பிச்சுக்கிட்டிருக்கேன். நீங்க ஊருக்குப் போனீக. ஒம்போதுக்கு எறங்கிருச்சு."

நஜ்முன்னிசா தன் அட்டையை நீட்டினாள். "எங்களுக்கு நூத்தி நாப்பத்தொண்ணு வந்திருக்குண்ணே. பூட்டின வீட்டுக்கு."

அதை அவர் பார்க்கவில்லை. "நீங்க இருந்தா என் மீட்டர் ஓடுது. நீங்க இல்லேன்னா நிக்குது. இதுக்கு என்னம்மா அர்த்தம்? தை மாசம் அந்த வயர்மேன் காசிமாயன வரச்சொல்லி தையல் மிஷினுக்கு மோட்டார் மாட்டுனீகளே, அன்னைக்குத்தான் என் லயன்ல கைவச்சிருக்கான். நான் போலீஸ், கேஸுன்னு போற ஆளில்ல. ஒண்ணாந் தேதி வீட்டக் காலி பண்ணிக் குடுத்துருங்க."

பாதிப் படி இறங்கி, நின்று, தலையைத் திருப்பாமலே சொன்னார்: "கரண்ட்டும் திருட்டுல சேத்திதான்."

ஒன்றாம் தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள்.

ராத்திரி இதைக் கேட்டதும் முகைதீன் பிச்சை சோற்றிலிருந்து கையை எடுத்தார். "போயிருவோம் நஜ்மு. வாடக வீடுதானே. நாளைக்கே நாலு பேருகிட்டச் சொல்லி வைக்கிறேன்."

"இப்பப் போனா ஒத்துக்கிட்டதா ஆகும்."

"ஒத்துக்கிறதுக்கு நாம என்ன செஞ்சோம்?"

"அதத்தான் நானும் கேக்குறேன். என்ன செஞ்சோம்?"

அந்தக் கேள்வி அவளை உட்கார விடவில்லை. மறுநாள் காலையில் செல்லத்தாய் வந்தாள். நான்கு ஜாக்கெட் துணி கொடுத்திருந்தவள். தைக்காமலே திருப்பிக் கேட்டாள்.

"அவசரமில்லக்கா, ஊருக்குப் போறேன்" என்றவள், துணியைப் பைக்குள் திணித்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள். "கரண்ட் ஆபீஸ்ல இருந்து வந்தாகளாமே? பேயாண்டி டீக்கடையில பேசிக்கிட்டாகன்னு எங்க வீட்டுக்காரர் சொன்னாரு."

பேயாண்டியின் டீக்கடை வீட்டுக்கு நேரெதிரே இருந்தது. அங்கே பேசினால் செல்லூர் முழுக்கப் பேசினது போல. அதற்குப் பிறகு அடுத்த தெருவில் வீடு பார்த்தாலும் 'அங்க எதுக்குக் காலி பண்ணுனீக?' என்று கேட்பார்கள். கேட்காவிட்டால் இன்னும் மோசம். பதில் ஏற்கெனவே தெரிந்திருக்கிறது என்று அர்த்தம். திருட்டுக் குடும்பம் என்ற பேர் அவர்களுக்கு முன்னால் போய் அந்த வீட்டுத் திண்டில் உட்கார்ந்திருக்கும்.

மத்தியானம் அவளால் ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை. மிஷினை விட்டு எழுந்து மீட்டரைப் பார்க்கப் போனாள்.

தெருக்கதவைத் திறந்ததும் வருகிற நடையில், பலகையில் அடித்த இரண்டு மீட்டர்கள் அருகருகே இருந்தன. ஒன்றின் கீழே பச்சைப் பெயிண்டில் 'மேல' என்றும் மற்றதன் கீழே 'கீழ' என்றும் எழுதியிருந்தது. குடிவந்த அன்று ஹரிராம் 'மேல' என்று எழுதிய அட்டையை அவளிடம் கொடுத்து, "மாடிக்கு இது" என்றார். 'கீழ' அட்டையைத் தான் வைத்துக்கொண்டார். அதில் யோசிக்க எதுவும் இல்லை.

மீட்டரின் கண்ணாடிக்குள் ஒரு அலுமினியத் தட்டு படுக்கைவாட்டில் சுழலும். தட்டின் ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடு. அந்தக் கோடு போய்த் திரும்பி வந்தால் ஒரு சுற்று. எத்தனை சுற்றுக்கு ஒரு யூனிட் என்பது மீட்டரின் முகத்திலேயே அச்சடித்திருக்கும். இந்த மீட்டர்களுக்கு அறுநூறு. நூறு வாட் குண்டு பல்பு ஒன்றை மட்டும் எரியவிட்டால் கோடு நிமிஷத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்க்கும். இஸ்திரிப் பெட்டியைப் போட்டால் எட்டு விநாடிக்கு ஒருமுறை ஓடிவரும். எதுவும் எரியாவிட்டால் தட்டு நின்றுவிடும். எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பதை மீட்டர் ஒளிக்காது. பார்க்கத்தான் ஆள் வேண்டும்.

நஜ்முன்னிசாவுக்கு அறுநூறு கணக்கெல்லாம் தெரியாது. ஆனால் தையல்காரிக்குச் சக்கரம் தெரியும். மிதித்தால் ஓடும், மிதிக்காவிட்டால் நிற்கும்.

மாடிக்குப் போய் எல்லாவற்றையும் அணைத்தாள். இறங்கி வந்து பார்த்தாள். 'மேல' மீட்டரில் கோடு சாவகாசமாக நகர்ந்துகொண்டிருந்தது. 'கீழ' மீட்டர் அப்படியே நின்றது. உள்ளே சூடாமணியின் ஃபேன் கரகரவென்று ஓடும் சத்தம் கேட்டது. ஃபேன் ஓடுகிறது, அவர்களுடைய மீட்டர் நிற்கிறது.

மறுபடி ஏறினாள். இஸ்திரிப் பெட்டியைப் போட்டுவிட்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஓடி இறங்கினாள். 'கீழ' மீட்டரில் கோடு வந்தது, போனது, மூச்சு விடுவதற்குள் மறுபடி வந்தது.

ஓடி ஏறி அணைத்தாள். இறங்கினாள். நின்றிருந்தது.

நடையின் சுவரில் சாய்ந்து நின்றாள். ஹரிராம் சொன்னது பொய்யில்லை. இரண்டு வருஷமாக அவள் தேய்த்த ஒவ்வொரு துணியும் அவருடைய மீட்டரில்தான் தேய்ந்திருக்கிறது.

இதை யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடலாம். பத்து நாளில் காலி செய்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் இஸ்திரிப் பெட்டி நின்றபோது இந்த மீட்டர் நின்றது. அடுத்த மீட்டர் எதற்காக ஓடிக்கொண்டே இருந்தது? பூட்டின வீட்டின் நூற்று நாற்பத்தொன்று அங்கேதான் ஓடியிருக்க வேண்டும். பாதி நிஜத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போக அவளுக்கு மனம் வரவில்லை. கதவைத் தட்டினாள்.

சூடாமணி செல்லூரிலேயே பிறந்து வளர்ந்தவள். புருஷன் மாடி ஏறிக் கத்திய நாளிலிருந்து நஜ்முன்னிசாவின் முகத்தைப் பார்க்கக் கூசிக்கொண்டிருந்தாள். நடைக்கு வந்து, சொன்னதைக் கேட்டு, தன் ஃபேனை ஒருமுறை நிறுத்திப் போட்டுப் பார்த்தாள். 'மேல' மீட்டரின் கோடு நின்றது, பிறகு நகர்ந்தது.

"அக்கா, இதுல எங்க ஃபேனுல்ல ஓடுது."

"அதுல எங்க பெட்டி ஓடுது."

"அப்ப உங்களுக்கு நாங்க கட்டியிருக்கோம். எங்களுக்கு நீங்க கட்டியிருக்கீக."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சூடாமணிதான் முதலில் சிரித்தாள். சட்டென்று நிறுத்திக்கொண்டாள். "இத அவருகிட்ட எப்பிடிச் சொல்றதுன்னு தெரியலையே. காசிமாயன்தான் மாத்திட்டான்னு நிப்பாரு."

அப்படித்தான் நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நடையில் ஐந்து பேர் நிற்க இடமில்லாமல் நின்றார்கள். காசிமாயன் டெஸ்டரை வாயில் கவ்விக்கொண்டு ஸ்டூலில் ஏறி, 'மேல' மீட்டருக்குரிய பியூஸ் கட்டையைப் பிடித்து இழுத்தான். கரண்ட் போகிற வழியில் அந்தக் கட்டை ஒரு பாலம் மாதிரி. எடுத்துவிட்டால் அந்தப் பக்கம் இருட்டு. உள்ளே ஹரிராமின் டிவி பாதி வார்த்தையில் வாயை மூடியது. மாடிப்படியில் நஜ்முன்னிசாவின் பல்பு எரிந்துகொண்டே இருந்தது.

"பாத்தீகளா?" என்றார் ஹரிராம். "மாடிக் கட்டையப் புடுங்குனா என் வீடு அணையுது. எவ்வளவு சுத்தமா மாத்தியிருக்கான் பாருங்க."

காசிமாயன் டெஸ்டரை வாயிலிருந்து எடுத்தான். "அண்ணே, நான் மாட்டுனது மாடி ரூம்ல ஒரு பிளக் பாயிண்ட். இந்தப் பலகையத் தொடவே இல்ல."

"தொடலேன்னா தானா மாறுமா? பேய் வந்து மாத்துச்சா?"

"பேய் மாத்துனா கூலி கேக்காதுண்ணே. நான் கேட்டிருப்பேன்ல."

முகைதீன் பிச்சை கையை உதறினார். "காசிமாயா, கட்டைய மாட்டிட்டு எறங்கு. அண்ணே, எங்களுக்கு இதெல்லாம் வேணாம்."

"இருங்க" என்றாள் நஜ்முன்னிசா. சூடாமணி கொடுத்த அட்டையையும் சேர்த்து இரண்டு அட்டைகளையும் கையில் வைத்திருந்தாள். மூன்று நாளாக அவற்றைப் பார்த்துப் பார்த்து ஓரங்கள் மடங்கியிருந்தன. "அண்ணே, காசிமாயன் வந்தது தை மாசக் கடைசியில. அதுக்கு முன்னால எங்க அட்டையில எம்புட்டுன்னு வாசிங்க."

ஹரிராம் கண்ணாடியை இறக்கினார். "நூத்தி முப்பத்தெட்டு."

"அவரு வந்துட்டுப் போன பெறகு?"

"நூத்தி நாப்பத்தி மூணு. அப்புறம் நூத்தி முப்பத்தொம்போது." அதற்குக் கீழே இருந்த கடைசி வரியை அவர் வாசிக்கவில்லை. வாசிக்கத் தேவையும் இல்லை.

"தையில கைமாறியிருந்தா அதுக்கு முன்ன ஒரு மாதிரி, பின்ன ஒரு மாதிரி இருக்கணும்ல. எங்களுக்கு மோட்டார் வந்தப்பவும் அதேதான். நாங்க ஊருக்குப் போனப்பவும் அதேதான். அது எங்க மீட்டரே இல்லண்ணே. நாங்க குடிவந்த நாள்ல இருந்தே அது உங்க வீட்டுக்குத்தான் ஓடுது."

ஹரிராம் பத்தொன்பது வருஷம் கணக்கெழுதியவர். எண்களோடு சண்டை போட அவருக்குத் தெரியாது. அட்டையை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப முதல்ல இருந்தே தப்பு. சரி. யாரு செஞ்ச தப்பு? மீட்டர்ல தெளிவா எழுதியிருக்கே, மேல, கீழன்னு. மாடி கட்டுனது என் தம்பி வெங்கடேஷ்பாபு. அவன் எதுக்கு மாத்தி வைக்கணும்?"

தம்பி இப்போது நாகமலை புதுக்கோட்டையில் இருந்தார். பாகம் பிரித்ததிலிருந்து பேச்சில்லை. அதனால் போன் செய்து கேட்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. யார் மீதாவது பழி விழாமல் இந்தக் காலைப்பொழுது முடியாது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

முகைதீன் பிச்சைக்குப் பொறுமை போய்விட்டது. "எங்க மேல தப்பில்லேன்னு ஆச்சுல்ல, அது போதும். மேலமாசி வீதிக்குப் பின்னால ஒரு வீடு சொல்லி வச்சிருக்கேன். ஒண்ணாந் தேதி சாவியக் குடுத்துட்டுப் போயிருதோம். வா நஜ்மு."

நஜ்முன்னிசா நகரவில்லை. பச்சைப் பெயிண்ட் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க பாத்திருக்கீக?"

"மேலமாசி வீதின்னு சொன்னேன்ல."

"நீங்க வேல பாக்குறது?"

"இது என்ன கேள்வி? கீழமாசி வீதி."

"அது என்ன தரைக்கு அடியிலயா இருக்கு?"

காசிமாயன் ஸ்டூலில் நின்றபடியே குனிந்து அவளைப் பார்த்தான். முகைதீன் பிச்சை மனைவிக்கு வெயில் ஏறிவிட்டதோ என்று பார்த்தார். அவள் சூடாமணியின் பக்கம் திரும்பினாள்.

"சூடாமணி, மாடி கட்டுறதுக்கு முன்னால இந்த வீட்டுல யாரு எங்க இருந்தாக?"

"மாமனார் ரெண்டாப் பிரிச்சு வச்சிருந்தாருக்கா. இந்த நடைக்கு அந்தப் பக்கம் கொழுந்தனாரு குடும்பம், இந்தப் பக்கம் மாமனாரும் மாமியாரும். தீபாவளிக்கு வந்தா நாங்களும் மாமியார் பக்கம்தான் தங்குவோம். மேல வீடு, கீழ வீடுன்னு..."

அவள் சட்டென்று மீட்டர்களைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று உள்ளே போனாள்.

மதுரையில் மேல என்றால் மேற்கு, கீழ என்றால் கிழக்கு. மேலமாசி வீதி, கீழவெளி வீதி என்று நாளைக்குப் பத்துத் தடவை சொல்கிற வாய்க்கு அது தனியாகத் தெரிவதில்லை. ஒற்றைத் தளமாக இருந்தவரை இந்த வீட்டிலும் அந்த வார்த்தைக்கு அது ஒன்றுதான் பொருள். மாடி எழும்பிய அன்று அதே வார்த்தைக்குள் இன்னொரு பொருள் சத்தமில்லாமல் குடிவந்துவிட்டது.

சூடாமணி ஒரு கம்பியோடு வந்தாள். பழைய ரசீதும் அட்டையும் குத்திவைக்கிற கொக்கிக் கம்பி. மாமனார் காலத்திலிருந்து உள்ளறை ஆணியில் தொங்குவது. அடியில் இருந்ததை எலி கடித்த ஓரத்தோடு உருவினாள். மாமனாரின் பேர், இணைப்பு எண், நீல மையில் அவர் கையெழுத்தில் 'மேல'. முதல் வரியில் தேதி 1983 மார்ச்.

"மாடி எப்பக் கட்டுனது?" என்று காசிமாயன் கேட்டான்.

"தொண்ணூத்தி நாலு" என்றார் ஹரிராம். கை நீட்டி அந்தப் பழைய அட்டையை வாங்கினார்.

மிச்சத்தைக் காசிமாயன் சொல்லிவிட்டான். கீழ்த்தளத்தை ஒன்றாக்கியபோது முழு வீட்டுக்கும் மேற்கு மீட்டர் போதும் என்று விட்டிருக்கிறார்கள். கிழக்கு மீட்டர் சும்மா கிடந்தது. புதிதாக ஒரு இணைப்புக்கு எழுதிக்கொடுத்து அலைவானேன் என்று அதன் லயனைப் பைப்பில் விட்டு மாடிக்கு ஏற்றியிருக்கிறார்கள். தம்பி இருந்தவரை இரண்டு அட்டையையும் அவரே கட்டினார்; மாறினாலும் ஒரே பைதான். அண்ணன் வந்து எழுத்தை வாசித்தார். வாசித்ததுதான் நடந்த ஒரே தவறு.

"அப்ப யாரும் எதையும் மாத்தல" என்றார் முகைதீன் பிச்சை.

"யாரும் எதையும் மாத்தல பாய்" என்றார் ஹரிராம்.

"என்னையும் சேத்துத்தானேண்ணே?" என்றான் காசிமாயன்.

"உன்னையும் சேத்துத்தான். எறங்கு."

கட்டையை மாட்டியதும் டிவி பாதியில் விட்ட இடத்தை விட்டுவிட்டு வேறெதையோ பேசத் தொடங்கியது. ஹரிராம் அட்டைகளைக் கைமாற்றிப் பிடித்தார். எந்த அட்டையை யாரிடம் கொடுப்பது என்று ஒரு கணம் அவருக்கே குழம்பியது. 'கீழ' அட்டையை நஜ்முன்னிசாவிடம் நீட்டினார்.

"ரெண்டு வருஷமா எங்களுக்காக நீங்கதான் கூடுதலாக் கட்டியிருக்கீக" என்றாள் அவள். "விட்டுப்போனத வாடகையோட கொஞ்சங் கொஞ்சமாச் சேத்துத் தாரேன். அடுத்தவுக கரண்ட்ல தேச்ச துணி எங்களுக்கு ஹராம்."

"அதெல்லாம் பெறகு பாப்போம் தங்கச்சி. ஒண்ணாந் தேதி... அத மறந்துருங்க. இங்கனயே இருங்க."

"இருக்கோம். ஆனா எனக்கு ஒண்ணு வேணும்ணே."

ஹரிராம் பார்த்தார்.

"எங்க வச்சுச் சொன்னீகளோ அங்க வச்சுச் சொல்லணும். நடையில சொன்னா நடையோட போயிரும். செல்லத்தாய் துணியத் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டா."

அவர் முகம் கறுத்தது. டீக்கடையில் பேசியது மாடிக்குத் தெரியாது என்று நினைத்திருந்தார் போல. சூடாமணி வீட்டுக்குள் பேசும் தங்கள் தாய்மொழியில் இரண்டே வார்த்தை சொன்னாள். யாருக்கும் புரியவில்லை, அவருக்குப் புரிந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு, எலி கடித்த அட்டையை மேல் பையில் வைத்து, செருப்பைத் தேடினார்.

நஜ்முன்னிசா முந்தானையில் செருகியிருந்த தையல் சாக்கட்டியை எடுத்து, 'கீழ' என்ற எழுத்தின் மேலேயே 'மாடி' என்று எழுதினாள். மற்றதில் 'தரை' என்றான் காசிமாயன். 'வீட்டுக்காரர்' என்று எழுதச் சொன்னாள் சூடாமணி. அவர்கள் பேசி முடிக்கட்டும் என்று நஜ்முன்னிசா படியேறிப் போய்விட்டாள். கால் தரையில் நிற்கவில்லை. மிஷினில் உட்கார்ந்து எழுந்தாள். ஜன்னலுக்குப் போனாள்.

எதிரே பேயாண்டி டீயை ஆற்றிக்கொண்டிருந்தான். பெஞ்சில் ஐந்தாறு பேர். ஹரிராம் டீ வாங்காமல் நின்றுகொண்டிருந்தார். சொல்லுவாரா, தினத்தாளைப் புரட்டிவிட்டு வந்துவிடுவாரா? அவர் தினத்தாளை எடுத்தார். மடித்து வைத்தார். பெஞ்சில் ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தார். உட்காரவில்லை.

இங்கிருந்து ஒரு வார்த்தையும் கேட்காது. பஸ் ஒன்று குறுக்கே வந்து நின்று மறைத்தது. நஜ்முன்னிசா ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்தாள். நடத்துனர் யாரையோ ஏற்றிக்கொண்டே இருந்தார்.

பஸ் நகர்ந்தபோது ஹரிராமின் கை உயர்ந்திருந்தது. முதலில் அது நேரே மாடியைக் காட்டியது. பெஞ்சில் இருந்த எல்லோரும் அண்ணாந்து அவளைப் பார்த்தார்கள். அவள் விலகவில்லை. கை கீழே இறங்கியது. பிறகு சூரியன் விழுகிற திசைக்கு நீண்டது. எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். மறுபடி மாடி. மறுபடி மேற்கு. பேயாண்டி டம்ளரை வைத்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தான். ஹரிராம் சிரிக்காமல் பையிலிருந்து பழைய அட்டையை எடுத்து, தேதியில் விரலை வைத்து, முதலில் இருந்து மறுபடியும் சொல்லத் தொடங்கினார்.